கடைக்கோடி வீடுவரை

நுழையும்முன்

புயலைத் தடுக்க இயலாது. பேரலையைத் திருப்பியனுப்பவும் இயலாது. ஆயினும் அவை வருவதை முன்கூட்டியே அறிந்து விலகி நிற்க மனிதரால் இயலும். அறிந்தவர் அறியாதவருக்கு உரிய நேரத்தில் சொல்வதே எச்சரிக்கை ஆகும். அது யார் வழியாகச் செல்ல வேண்டும், எவ்வாறு சொல்லப்பட வேண்டும், எங்கே அறுந்துபோகிறது என்பவற்றை ஒடிசா, புதுச்சேரிக் கடற்கரைகளின் பட்டறிவு வழியே விளக்குகிறது இப்பாடம்.

சொல்லப்பட்டும் சென்றுசேராத செய்தி

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், வங்கக் கடலில் உருவான பெரும்புயல் ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையைத் தாக்கியது. காற்று மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. ஐந்து மீட்டருக்கும் மேல் எழுந்த கடல்நீர் பல கிலோமீட்டர் தொலைவு நிலத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தினர். அம்மாவட்டத்தின் எரசமா பகுதியில் இழப்பு மிகக் கொடியதாக இருந்தது.

அப்புயல் சொல்லாமல் வரவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதன் போக்கைக் கண்காணித்து வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் செய்தியை அறிவித்தன. ஆயினும் வானொலிப் பெட்டி இல்லாத குடிசைக்கு அச்செய்தி செல்லவில்லை. செய்தியைக் கேட்ட வீடுகளிலும், கடல் எவ்வளவு தொலைவு ஊருக்குள் வரும் என்பது பலருக்கு விளங்கவில்லை. விளங்கியவர்களுக்கும் செல்ல இடம் இல்லை. பெருங்காற்றைத் தாங்கும் பாதுகாப்பு இல்லங்கள் அந்நெடிய கடற்கரை முழுவதிலும் மிகச் சிலவே இருந்தன.

இவ்வாறு, சொல்லப்பட்ட செய்தி மூன்று இடங்களில் அறுந்துபோயிற்று. சிலருக்கு அது எட்டவில்லை; சிலருக்கு எட்டியும் புரியவில்லை; சிலருக்குப் புரிந்தும் பயன்படவில்லை. ‘வீட்டை விட்டுச் செல்லுங்கள்’ என்று சொல்பவர், ‘இன்ன இடத்துக்குச் செல்லுங்கள்’ என்றும் சொல்ல வேண்டும். அந்த இடமும் அங்கே இருக்க வேண்டும். இதுவே ஒடிசா கற்ற முதற்பாடம்.

ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும்

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அதே வங்கக் கடலின் தென்கரையில் வேறொரு பேரிடர் நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, இந்திய நேரப்படி ஏறத்தாழ ஆறரை மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரம் உயிர்களைக் காக்கப் போதுமானது. ஆனால் அந்நாளில் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர்.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் மட்டும் நிகழ்ந்தது வேறு. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். நிலநடுக்கத்தையும் பேரலையையும் பற்றிய செய்தியை அறிந்ததும் அவர் தம் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். செய்தி கேட்டவர்கள் ஊரின் நடுவே இருந்த அறிவு மையத்துக்கு ஓடினர். அங்கிருந்த ஒலிபெருக்கியில், கடற்கரையை விட்டு அனைவரும் உடனே வெளியேறுமாறு அறிவித்தனர். ஊரே மேட்டுப் பகுதிக்கு விரைந்தது. சற்று நேரத்தில் பேரலை வந்தது. ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஆனால் ஊரில் வாழ்ந்த ஏறத்தாழ 3,600 பேருள் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைத் தற்செயல் என்று கூறிக் கடந்துவிடலாகாது. அந்த அறிவு மையம் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் முன்பே அமைக்கப்பட்டிருந்தது. கடலில் அலையின் உயரம், காற்றின் வேகம் முதலிய செய்திகள் அதே ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவிக்கப்பட்டு வந்தன. அவற்றைக் கேட்டே மீனவர்கள் கடலுக்குச் செல்வதா வேண்டாவா என்று முடிவு செய்தனர். ஆகவே அன்று காலை ஒலித்தது அவர்களுக்குப் பழகிய குரல். அதுவரை அவர்களுக்குப் பயன்பட்ட குரல். அதனை ஐயுறாமல் அவர்கள் ஓடியதற்குக் காரணம் அதுவே. நம்பிக்கை பேரிடர் நாளில் தோன்றுவதில்லை. பேரிடர் இல்லாத நாள்களில் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தோனேசியாவின் சிமெலூ தீவில் 1907ஆம் ஆண்டு பேரலை ஒன்று பலரைக் கொன்றது. உயிர் பிழைத்தோர் அந்நினைவைக் கதையாகவும் பாட்டாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். ‘நிலம் கடுமையாக அதிர்ந்து, பின் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு’ என்பதே அதன் சாரம். பேரலையை அவர்கள் ‘ஸ்மோங்’ என்னும் தம் சொல்லால் அழைத்தனர். 2004ஆம் ஆண்டு நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில் அத்தீவு இருந்தது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் ஏழு பேரே உயிரிழந்தனர்.

பதினான்கு ஆண்டுகளில் மாறிய கடற்கரை

1999ஆம் ஆண்டுப் புயலின் சுவடு மறையும் முன்பே, அவ்வாண்டு டிசம்பரில் ஒடிசா அரசு பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தது. கடற்கரை மாவட்டங்களில் உயர்ந்த தூண்களின்மேல் உறுதியான பாதுகாப்பு இல்லங்கள் எழுந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை எண்ணூறைக் கடந்துள்ளது. அவற்றுள் பல, மற்ற நாள்களில் பள்ளிகளாகப் பயன்படுகின்றன. நாள்தோறும் பிள்ளைகள் சென்று வரும் கட்டடம் என்பதால், புயல் நாளில் அங்குச் செல்ல மக்கள் தயங்குவதில்லை.

கட்டடத்தைவிட முதன்மையானது மனிதர்களின் ஆயத்தம். சிற்றூர்களில் குழுக்கள் அமைக்கப்பட்டன. எச்சரிக்கையை வீடுதோறும் சொல்வதற்கு ஒரு குழு. மீட்புக்கு ஒரு குழு. முதலுதவிக்கு ஒரு குழு. முதியோர், கருவுற்ற மகளிர், நடக்க இயலாதோர் எந்தெந்த வீடுகளில் உள்ளனர் என்பதை ஊர்க்காரர்களே நன்கு அறிவர். எனவே யாரை முதலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் அவர்களால் விரைந்து முடிவு செய்ய முடிந்தது. ஆண்டுதோறும் ஒத்திகையும் நடைபெற்றது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பைலின் என்னும் கடும்புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசியது. வீடுகளும் பயிர்களும் பெருமளவில் அழிந்தன. ஆனால் புயல் வருமுன்பே ஒடிசாவில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். புயலாலும் அதனைத் தொடர்ந்த வெள்ளத்தாலும் அங்கு உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவு.

2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பூரி அருகே ஃபானி புயல் வந்தபோது, ஏறத்தாழப் பன்னிரண்டு லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 26 லட்சம் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 43,000 தன்னார்வலர்கள் பணியாற்றினர். அபாயச் சங்கு, ஒலிபெருக்கி, தொலைக்காட்சி என எல்லா வழிகளும் பயன்படுத்தப்பட்டன. அறிவிப்புகள் மக்களின் மொழியாகிய ஒடியாவில் எளிய சொற்களில் அமைந்தன. ‘புயல் வருகிறது, பாதுகாப்பு இல்லத்துக்குச் செல்லுங்கள்’ என்பதே அவற்றின் சாரம்.

அம்முயற்சிகளுக்கு 2020ஆம் ஆண்டு உலக அளவில் ஏற்பு கிடைத்தது. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய இரு கடலோர ஊர்களையும் ‘ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள்’ என யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் நோலியாசாகி, 1999ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோரை இழந்த அதே ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் உள்ளது. அடிபட்ட பின் மீண்டெழுவதோடு, அடுத்த அடிக்கு ஆயத்தமாகவும் இருக்கும் இவ்வாற்றலையே மீள்திறன் என்பர்.

நல்ல எச்சரிக்கையின் இயல்புகள்

இன்று புயல்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை கண்காணிக்கிறது. ஆழிப்பேரலைக்கான எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் இயங்கி வருகிறது. செயற்கைக்கோள், கடலில் மிதக்கும் கருவி, கணினி ஆகியவை செய்தியைத் தருகின்றன. அச்செய்தி மாவட்ட நிர்வாகத்தை அடைவதற்குச் சில நிமிடங்கள் போதும். அங்கிருந்து தெருவின் கடைசி வீட்டை அடைவதே கடினமான பயணம்.

கீழ்க்காணும் இரண்டு அறிவிப்புகளை ஒப்பிடலாம்.

முதல் அறிவிப்பு: “மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். தாழ்வான பகுதிகளில் நீர் புகும் வாய்ப்பு உள்ளது.”

இரண்டாம் அறிவிப்பு: “ஊராட்சி அலுவலகத்திலிருந்து அறிவிக்கிறோம். இன்று இரவு பத்து மணிக்குமேல் பெருங்காற்று வீசும். ஏரிக்கரைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரக்கூடும். அத்தெருவினர் மாலை ஆறு மணிக்குள் பள்ளிக் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள். மாடுகளைக் கட்டிப்போடாதீர்கள், மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள்.”

இரண்டும் உண்மையே. ஆனால் முதல் அறிவிப்பைக் கேட்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாவதைக் கேட்பவர் மூட்டை கட்டத் தொடங்குவார். சொல்பவர் யார், வருவது என்ன, எப்போது எங்கே வரும், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கும் இரண்டாவதில் உள்ளன. மாட்டை விட்டுவிட்டு வர மனம் இல்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுவோர் உண்டு. அவர்களின் கவலையையும் அது அறிந்து விடை சொல்கிறது.

தெரிந்து தெளிவோம்

வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களால் எச்சரிக்கை அளிக்கிறது.

பச்சை – எச்சரிக்கை எதுவும் இல்லை.
மஞ்சள் – செய்திகளைக் கவனித்து வருக.
ஆரஞ்சு – ஆயத்தமாக இருக்க.
சிவப்பு – உடனே செயல்படுக.

அவசர உதவிக்கு 112. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

பொய்ச்செய்தியும் ஓர் இடரே

2004ஆம் ஆண்டுப் பேரலைக்குப்பின் நான்காம் நாள், மற்றொரு பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை பரவியது. கடற்கரை மாவட்டங்களில் மக்கள் அலறியடித்து ஓடினர். மீட்புப் பணிகளும் தடைபட்டன. அலை வரவில்லை, பின்னர் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. தவறான எச்சரிக்கை அச்சத்தைத் தருவதோடு நிற்பதில்லை. அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையின் மீதுள்ள நம்பிக்கையையும் அது குறைக்கிறது.

இக்காலத்தில் கைப்பேசி வழியே வதந்தி மிக விரைவாகப் பரவுகிறது. எப்போதோ எங்கேயோ எடுத்த வெள்ளக் காட்சி, இன்று இங்கே நிகழ்ந்ததுபோல் வலம்வருகிறது. ஆகவே செய்தியை அனுப்பியவர் யார், நாளும் இடமும் குறிக்கப்பட்டுள்ளனவா, அரசின் அறிவிப்போடு ஒத்துள்ளதா என்று பார்த்த பின்னரே அதனைப் பிறருக்கு அனுப்ப வேண்டும்.

இருமொழி அறிந்தோரின் பங்கு

2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் மும்பையில் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரைபுரண்டது. அவ்வாற்றை ஒட்டியுள்ள தாராவியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்றோர் அவர்களுள் பலர். அத்தகைய ஒரு வீட்டில், அண்மையில் ஊரிலிருந்து வந்த பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம். தெருவில் மராத்தியிலும் இந்தியிலும் அறிவிப்பு ஒலிக்கும்போது அது அவருக்கு வெறும் இரைச்சலே. பள்ளியில் அம்மொழிகளையும் வீட்டில் தமிழையும் பேசும் பேரக்குழந்தையே அவருக்கு அந்த அறிவிப்பைச் செய்தியாக்கித் தர முடியும்.

இத்தேவை தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவின் பூரி, கஞ்சம் கடற்கரைகளில் வாழும் நோலியா மீனவர்களின் வீட்டுமொழி தெலுங்கு. தமிழ்நாட்டின் கட்டடப் பணியிடங்களில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுவோர் உள்ளனர். வேலைக்காக மக்கள் இடம்பெயரும் நாட்டில், எல்லா ஊர்களிலும் ஊர்மொழி அறியாதோர் சிலர் இருப்பர். பெரும்பாலும் அவர்களே செய்தி கடைசியாகச் சென்றுசேரும் மக்கள்.

அண்டைவீட்டாரின் மொழியை அறிந்தவர், அவர்களுக்கும் தம் வீட்டினருக்கும் இடையே பாலமாக நிற்கிறார். மொழிபெயர்க்கும்போது அச்செய்தியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாகாது. நேரம், இடம், செய்ய வேண்டுவது ஆகிய மூன்றையும் மாறாமல் சொல்ல வேண்டும். சொன்ன பின், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்வது நன்று. அவர் சரியாகச் சொன்னால் செய்தி சென்றுசேர்ந்தது என்று பொருள்.

நல்லவாட்டுக்குத் தொலைபேசியில் பேசியவரும் பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்ற ஒருவரே. அவர் அறிந்த செய்தியை அவரது ஊர் உடனே புரிந்துகொண்டது. காரணம், அது ஊராரின் மொழியில், ஊரார் நம்பும் குரலில் சென்றது. எச்சரிக்கை கோட்டையிலிருந்தோ ஆய்வு மையத்திலிருந்தோ புறப்படலாம். கடைக்கோடி வீட்டுக் கதவைத் தட்டும் வேலை, அத்தெருவில் வாழ்வோருடையது.

சொல்லும் பொருளும்

ஆழிப்பேரலை – நிலநடுக்கம் முதலியவற்றால் கடலில் எழும் பெரிய அலை; சுனாமி
கடைக்கோடி – கடைசி எல்லை
பட்டறிவு – நேரில் பட்டுப் பெற்ற அறிவு, அனுபவம்
ஒத்திகை – முன்கூட்டியே செய்து பார்க்கும் பயிற்சி
வதந்தி – உண்மையென உறுதி செய்யப்படாமல் பரவும் செய்தி
மீள்திறன் – துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. நல்லவாட்டு மக்கள் ஒலிபெருக்கி அறிவிப்பை உடனே நம்பியதற்குக் காரணம்
அ) அது உரத்து ஒலித்தது ஆ) நாள்தோறும் அவர்களுக்குப் பயன்பட்டு வந்தது இ) அலை கண்ணுக்குத் தெரிந்தது ஈ) காவலர்கள் கட்டளையிட்டனர்

2. ‘ஆயத்தமாக இருக்க’ என்பதைக் குறிக்கும் நிறம்
அ) பச்சை ஆ) மஞ்சள் இ) ஆரஞ்சு ஈ) சிவப்பு

3. ‘கடற்கரை’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) கடற் + கரை ஆ) கடல் + கரை இ) கட + கரை ஈ) கடல் + அரை

ஆ. குறுவினா

1. 1999ஆம் ஆண்டில் எச்சரிக்கைச் செய்தி எந்த மூன்று இடங்களில் அறுந்துபோனது?
2. பாதுகாப்பு இல்லங்கள் பள்ளிகளாகவும் பயன்படுவதால் விளையும் நன்மை யாது?
3. தவறான எச்சரிக்கையால் ஏற்படும் தீமைகள் இரண்டினை எழுதுக.

இ. நெடுவினா

1. 1999, 2013 ஆகிய ஆண்டுகளின் புயல்களை ஒப்பிட்டு, ஒடிசாவில் நிகழ்ந்த மாற்றங்களை விளக்குக.
2. ‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்’ என்னும் பழமொழியை நல்லவாட்டு நிகழ்ச்சியோடு பொருத்தி எழுதுக.

மொழியை ஆள்வோம்

ஒரு செய்தியைத் தெரிவிக்கும் தொடர் செய்தித்தொடர். எ.கா. ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்து வருகிறது.
ஒரு செயலைச் செய்யுமாறு பணிக்கும் தொடர் கட்டளைத்தொடர். எ.கா. ஆற்றங்கரைக்குச் செல்லாதீர்கள்.
நல்ல எச்சரிக்கையில் இவ்விரு தொடர்களும் இணைந்து வரும்.

கீழ்க்காணும் செய்தித்தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான கட்டளைத்தொடர் ஒன்றை எழுதுக.

1. மின்கம்பி அறுந்து சாலையில் கிடக்கிறது.
2. நிலம் அதிர்ந்த பின் கடல் உள்வாங்குகிறது.
3. இன்று மாலைக்குள் தரைத்தளத்தில் மழைநீர் புகும்.
4. வெள்ளத்துக்குப் பின் குழாய்நீர் கலங்கி வருகிறது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் ஊரில் வரக்கூடிய இடர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. உள்ளூர் மொழியில் வெளியான எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றைக் கண்டறிந்து, அதனைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக்காட்டி, அவர் திருப்பிச் சொன்னதையும் எழுதுக.
2. உங்கள் தெருவில் அல்லது குடியிருப்பில் எச்சரிக்கையைத் தனியே சென்று சொல்ல வேண்டியவர்கள் யாவர்? காரணத்துடன் பட்டியலிடுக.
3. நான்கு மாணவர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, வகுப்பறைக்கேற்ற ஒலிபெருக்கி அறிவிப்பு ஒன்றை உருவாக்குக. நல்ல எச்சரிக்கையின் நான்கு கூறுகளும் அதில் உள்ளனவா என்பதை மற்றொரு குழு சரிபார்க்க வேண்டும்.